மண்ணுக்குள் போகும் ஜாயின்ட்டுக்கு என்ன உறை போடுவது?

சிலாங்கூரில் பந்திங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பராமரிப்பு வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். குளத்தடிப் பம்ப் வீட்டிலிருந்து மில்லுக்குத் தண்ணீர் போகும் 6 அங்குல ஸ்டீல் பைப், ஏறக்குறைய 2 கிலோமீட்டர், மண்ணுக்குள் ஓடுகிறது. பைப்பின் மேல் தொழிற்சாலையிலேயே போட்ட கறுப்பு பாலிஎத்திலீன் பூச்சு இன்னும் பளபளவென்று இருக்கிறதாம். ஆனால் வெல்டிங் ஜாயின்ட், பிளாஞ்சு (போல்ட்டு முடுக்கிச் சேர்க்கும் தட்டு), எல்போ என்று எங்கெல்லாம் இணைப்பு வருகிறதோ அங்கெல்லாம் துரு, ஒழுகல். ஒரு கான்ட்ராக்டர் வந்து, “அச்சில் வார்த்த பிளாஸ்டிக் கூடு இருக்கிறது. இரண்டு பாதியையும் சேர்த்துப் பூட்டினால் போதும், துருவைக்கூடச் சுரண்ட வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நம்பலாமா என்பதுதான் கேள்வி. பம்ப் வீட்டில் வெளியே தெரியும் வால்வுகளுக்கும் அதையே போடலாமா என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்.

தம்பி, அந்தக் கூடு பொய்யான சரக்கு இல்லை. ஆனால் “சுரண்ட வேண்டாம், பூட்டினால் போதும்” என்று சொன்னாரே, அங்கேதான் கோளாறு. மண்ணுக்குள் இருக்கும் இரும்பைப் பிளாஸ்டிக் காப்பாற்றுவதில்லை. பிளாஸ்டிக்குக்கும் இரும்புக்கும் நடுவே இடம் விடாமல் நிரம்பி, இரண்டிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் பொருள்தான் காப்பாற்றுகிறது. நடுவில் வெற்றிடம் விட்டுவிட்டு மேலே எவ்வளவு தடிமனான கூடு மாட்டினாலும், தண்ணீரைப் பிடித்து வைக்க ஒரு பாத்திரம் செய்து கொடுத்த கணக்குதான்.

முதலில், பைப் நன்றாக இருக்கும்போது ஜாயின்ட் மட்டும் ஏன் போகிறது என்று பார்ப்போம். தொழிற்சாலையில் பைப்பை எஃகு மணிகளால் அடித்து வெள்ளையாக்கி, 200 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, எப்பாக்சித் தூளைத் தூவி உருக்கி, அதன் மேல் ஓர் ஒட்டுப் படலம், அதற்கும் மேலே பாலிஎத்திலீன் என்று மூன்று அடுக்காகப் போடுகிறார்கள். கூரைக்குக் கீழே, மெஷின் செய்கிற வேலை. வெல்டிங் அடிக்க வசதியாக இரண்டு முனையிலும் 10 முதல் 15 செ.மீ. வரை பூச்சில்லாமல் விடுவார்கள். அந்த இடத்தை மூடுவது நம் ஆட்கள். அதுவும் கானுக்கு (வடிகாலுக்கு) பக்கத்தில், சேற்றில் முட்டி போட்டுக்கொண்டு, மழை வருவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில்.

உங்கள் பைப் 6 மீட்டர் நீளத் துண்டுகளாக வந்தது என்று வைத்துக்கொண்டால், 2 கிலோமீட்டருக்கு 330-க்கு மேல் ஜாயின்ட் வரும். முனைக்கு 15 செ.மீ. என்றால், ஒவ்வொன்றிலும் 30 செ.மீ. வெறும் இரும்பு. எல்லாவற்றையும் கூட்டினால் ஏறக்குறைய 100 மீட்டர் பைப்பைப் பூச்சே இல்லாமல் புதைத்ததற்குச் சமம். இன்னொன்று: நல்ல பூச்சுக்கு நடுவே இருக்கும் சின்ன ஓட்டைதான் ஆபத்தானது. அரிப்பு முழுக்க அந்த ஓர் இடத்திலேயே குவிந்து, பரவலாகத் துருப்பிடிக்காமல் ஆழமாகக் குழி தோண்டும்.

தோட்டத்தில் யாரும் மறுக்க முடியாத ஒரு வைத்தியம் உண்டு: மோட்டார் சைக்கிள் டியூப். பைப் ஒழுகினால் பழைய டியூபை நாடாவாக அறுத்து, இழுத்துச் சுற்றி, கம்பியால் முறுக்கிவிடுவார்கள். ஒழுகலும் நிற்கும். டியூப் செய்யும் பியூட்டைல் ரப்பர் காற்றையே எளிதில் வெளியே விடாத சரக்கு, அதனால் தண்ணீரைத் தடுப்பதில் அது கெட்டி. அப்படியிருந்தும் ஒரு மழைக்காலம் போனபின் அவிழ்த்துப் பாருங்கள். சுற்றின் உட்புறம் கறுப்பாக ஈரம், இரும்பில் நகம் நுழையும் அளவுக்குப் பள்ளம். என்ன நடந்தது? டியூப் இரும்பை அழுத்துகிறது, ஆனால் ஒட்டுவதில்லை. வெல்டிங் மேடு பைப்புக்கு மேலே ஓரிரண்டு மில்லிமீட்டர் துருத்திக்கொண்டு நிற்கும். இழுத்துச் சுற்றிய டியூப் அந்த மேட்டின் உச்சியில் ஏறி, இரு பக்கமும் சாய்ந்து இறங்கும்போது மேட்டின் அடிவாரத்தில் ஒரு கோடு போல வெற்றிடம் விட்டுவிடும். மண் தண்ணீர் அதற்குள் தானாக ஊறி ஏறும், வெளியே வர வழியிருக்காது.

வேடிக்கை என்னவென்றால், நல்ல பைப்லைன் டேப்பின் உட்புறம் பிசுபிசுவென்று இருக்கும் மாஸ்டிக்கிலும் பெரும்பாலும் இதே பியூட்டைல் ரப்பர்தான். டியூபுக்கு அதை வேகவைத்து இறுக்கிவிடுகிறார்கள். மாஸ்டிக்குக்கு வேகவைக்காமல் பிசினாகவே விடுகிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

டியூபில் மட்டும் நடக்கிற கதை இல்லை இது. கனடாவில் பாலிஎத்திலீன் டேப் சுற்றிய பெரிய எரிவாயுக் குழாய்களில் இதே வெற்றிடம்தான் வினையானது. நீளவாக்கு வெல்டிங் மேட்டின் ஓரத்தில் டேப் கூடாரம் போட்டது மாதிரி நின்று, அடியில் தண்ணீர் தேங்கி, இரும்பில் விரிசல் விழுந்தது. அந்நாட்டு எரிசக்தி வாரியம் இதற்காகவே விசாரணை நடத்தி 1996-ல் அறிக்கை வெளியிட்டது. அந்தக் குழாய்களுக்கு மின்காப்பும் (இரும்புக்குச் சிறு மின்னோட்டம் கொடுத்துத் துருவைத் தடுக்கும் முறை) இருந்தது. ஆனால் பாலிஎத்திலீன் மின்சாரத்தை விடாது. ஒட்டாமல் விலகி நிற்கும் பிளாஸ்டிக் அடியில் இருக்கும் இரும்புக்கு மின்காப்பும் போய்ச் சேரவிடாமல் மறைத்துவிடுகிறது. உறை இல்லாத இரும்புக்காவது மின்காப்பு கிடைக்கும். விலகிய உறைக்குள் மாட்டிக்கொண்ட இரும்புக்கு அதுவும் இல்லை. கான்ட்ராக்டர் சொல்லும் வெறும் கூட்டை நான் வேண்டாம் என்பதற்கு முக்கியக் காரணம் இது.

இப்போது நம் ஊர் மண். பந்திங், கேரித்தீவு, கோலலங்காட் கரையோரத் தோட்டங்களில் வேலை பார்க்கிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கடலோரக் களிமண்ணில் இரும்புக் கந்தகத் தாது, பைரைட், புதைந்து கிடக்கிறது. தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும்வரை அது சும்மா இருக்கும். செம்பனை நட ஆழமாகக் கான் வெட்டித் தண்ணீர் மட்டத்தை இறக்கினால் காற்றுப் படும், கந்தக அமிலம் பிறக்கும். அமில எண் (pH) 4-க்குக் கீழே போகும், சில இடங்களில் 3.5-க்கும் கீழே. புதிதாக வெட்டிய கானின் சுவரை மண்வெட்டியால் ஒரு சீவு சீவிப் பாருங்கள். சாம்பல் நிறக் களிமண்ணில் வைக்கோல் மாதிரி வெளிறிய மஞ்சள் புள்ளிகளும் கோடுகளும் தெரிந்தால் அதுதான் அடையாளம். கானில் நிற்கும் தண்ணீர் செங்காவியாக இருந்தாலும் சந்தேகப்படலாம்.

அதற்கும் கீழே, காற்றே போகாத கறுப்புக் களியில் வேறு பிரச்சினை. சல்பேட்டைத் தின்று வாழும் பாக்டீரியா அங்கே இருக்கும். பைப்பின் மேல் மை போலக் கறுப்பாகப் படிந்திருப்பதைச் சுரண்டி, அதில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் அழுகிய முட்டை வாடை வரும். வந்தால் அவர்கள் வேலைதான். திறந்த வெளியில் ஒரு சொட்டு போதும். குழிக்குள் குனிந்துகொண்டு செய்யாதீர்கள், அந்த வாயு விஷம். துருவின் அடியில் பளபளவென்று கிண்ணம் கிண்ணமாகப் பள்ளம் இருக்கும். இந்த மண்ணில் “ஓரளவு பாதுகாப்பு” என்று ஒன்று கிடையாது. உறைக்குள் ஈரம் போனால் போனதுதான்.

டக்டைல் இரும்பு (வார்ப்பிரும்பில் ஒரு ரகம்) பைப்புக்குத் தொளதொளவென்று பாலிஎத்திலீன் பையை மாட்டித்தானே புதைக்கிறார்கள், அது ஒட்டவா செய்கிறது என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1951-ல் அமெரிக்காவில் சோதனை தொடங்கி, 1958-ல் லூசியானாவில் முதன்முதலாக ஒரு குடிநீர்க் குழாய்க்கு அப்படிப் போட்டார்கள். அங்கே தத்துவமே வேறு. பைக்குள் போகும் கொஞ்சம் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்ததும் அரிப்பு அடங்கிவிடும், புதுத் தண்ணீர் உள்ளே வராத வரைக்கும். உங்கள் இடத்திலோ மதகைத் திறப்பதும் மூடுவதுமாக நிலத்தடி நீர் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. வெல்டிங் அடித்த ஸ்டீல் லைனுக்கு அந்தக் கணக்கைக் கொண்டுவந்து பொருத்த வேண்டாம்.

சரி, என்ன போடுவது? உங்கள் லைனில் மூன்று விதமான உருவம் இருக்கிறது. நேரான வெல்டிங் ஜாயின்ட், வளைவும் (எல்போ) மூன்று வழியாகப் பிரியும் டீயும், பிளாஞ்சும் வால்வும். மூன்றுக்கும் ஒரே சரக்கு என்று யார் சொன்னாலும் அவர் விற்க வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

நேரான ஜாயின்ட்டுக்கு என் தேர்வு சூட்டில் சுருங்கும் சிலீவ். பாலிஎத்திலீனைத் தகடாக அச்சில் வார்த்து, எலெக்ட்ரான் கதிர் பாய்ச்சி அதன் மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைத்துவிடுகிறார்கள். அப்புறம் சூடாக்கி இழுத்து, இழுத்த நிலையிலேயே குளிர வைக்கிறார்கள். மறுபடி சூடு காட்டினால் உருகி ஒழுகாது. பிணைப்புகள் பழைய அளவுக்கு இழுத்துக்கொள்ளும். 1957-ல் அமெரிக்காவில் பால் குக் தொடங்கிய ரேகெம் நிறுவனம் இந்தக் கதிர்ப் பிணைப்பு வித்தையை வணிகமாக்கியது. சிலீவின் உட்புறம் மாஸ்டிக் அல்லது சூட்டில் உருகும் பசை இருக்கும். வெளித்தோல் சுருங்கும்போது இந்தப் பசையை வெல்டிங் மேட்டின் இரு ஓரத்திலும் நெருக்கித் திணிக்கும். டியூப் விட்ட அதே இடைவெளியை இது நிரப்புகிறது.

இதைப் போடும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவை சில உண்டு. இரும்பை மணல் அடித்து எஸ்ஏ இரண்டரை தரத்துக்கு, அதாவது ஏறக்குறைய வெள்ளையாகத் தெரியும் சுத்தத்துக்கு, கொண்டுவர வேண்டும். 330 ஜாயின்ட்டுக்கும் கம்ப்ரசர் கொண்டுபோக முடியாது என்றால் பவர் பிரஷ்ஷால் பளபளப்பாகும் வரை தேய்த்து, மாஸ்டிக் வகை சிலீவையாவது போடுங்கள். எப்பாக்சி பிரைமரோடு வரும் உருகு பசை வகைக்கு அந்தச் சுத்தம் போதாது. இருபுறமும் தொழிற்சாலைப் பூச்சின் விளிம்பைச் சரிவாகச் சீவி, அதன் மேற்பரப்பையும் எமரி தாளால் சொரசொரப்பாக்க வேண்டும். சிலீவ் அந்தப் பூச்சின் மேல் குறைந்தது 5 செ.மீ. ஏறி உட்கார வேண்டும்.

அப்புறம் ஈரம். இரும்பின் சூடு பனிப்புள்ளியைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் சூடு) குறைந்தது 3 டிகிரி அதிகமாக இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பூச்சு வேலையின் பொது விதி. நம் ஊரில் காலை ஏழு மணிக்குச் செம்பனை ஓலையிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருக்கும். ஈரப்பதம் 90-ஐத் தாண்டி நிற்கும். பிரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பு) முடிந்ததும் வேலையை ஆரம்பிப்பது தோட்டத்துப் பழக்கம். பூச்சு வேலைக்கு அந்தப் பழக்கம் ஆகாது. காலையில் குழி தோண்டுவது, தண்ணீர் இறைப்பது, சுரண்டுவது என்று செய்யலாம். சிலீவை வெயில் ஏறியபின், பைப்பை டார்ச்சால் சுற்றிச் சுற்றிச் சூடாக்கிவிட்டுப் போடுங்கள். எத்தனை டிகிரி என்பது சிலீவ் டப்பாவில் இருக்கும் தாளில் எழுதியிருக்கும், பெரும்பாலும் 60-க்கும் 90-க்கும் நடுவே. கையால் தொட்டுப் பார்த்து “போதும்ணே” என்பதெல்லாம் ஆகாது. இன்ஃப்ராரெட் வெப்பமானி ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கிறது. பைப்பின் அடிப்பக்கத்தில் ஆறு மணி முள் இருக்கும் இடத்தை அளந்து பாருங்கள். மேலே சூடேறி, கீழே பச்சையாகவே இருக்கும். ஒழுகுகிற ஜாயின்ட்டுகளில் பெரும்பாலானவை அடிப்பக்கத்தில்தான் ஒழுகும், கவனித்திருப்பீர்கள்.

தீயை நடுவில் ஆரம்பித்து, பைப்பைச் சுற்றியே காட்டி, மெல்ல மெல்ல ஓரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஓரத்தை முதலில் சுருக்கினால் காற்று நடுவில் சிறைப்படும். வெல்டிங் மேட்டின் மேல் சிலீவ் இறங்கியதும், சூடு ஆறுவதற்குள் ரோலரால் அழுத்திக் காற்றைத் தள்ள வேண்டும். கடைசியில் இரண்டு ஓரத்திலும் சுற்றிலும் பசை கொஞ்சம் பிதுங்கி வெளியே தெரிய வேண்டும். முழு வட்டமும் பிதுங்கியிருந்தால் ஆள் வேலை தெரிந்தவர். ஓரிடத்தில் பிதுங்கி ஓரிடத்தில் வறண்டிருந்தால் அறுத்தெறிந்துவிட்டுப் புதிது போடச் சொல்லுங்கள்.

அடுத்தது பிளாஞ்சு. கான்ட்ராக்டரின் கூட்டுக்கு நியாயமான இடம் இங்கேதான் வருகிறது. பிளாஞ்சில் சிலீவ் போட முடியாது. பைப்பின் விட்டத்துக்கும் பிளாஞ்சின் விட்டத்துக்கும் வித்தியாசம் அதிகம். நட்டு, போல்ட்டு, இரண்டு தட்டுக்கும் நடுவே சந்து என்று எல்லாம் மூலை முடுக்கு. முதலில் அரித்துப் போவது போல்ட்டுதான்; அதுவும் தலையில் இல்லை, சந்துக்குள்ளே மறைந்திருக்கும் தண்டில். வெளியே நட்டு நன்றாகத் தெரியும், ஸ்பேனர் போட்டால் தண்டு முறிந்து கையோடு வரும்.

இதற்கு மூன்று வழி இருக்கிறது. முதல் வழி, இரண்டு பாதி அச்சைப் பிளாஞ்சைச் சுற்றிப் பூட்டி, இரண்டு திரவத்தைக் கலந்து செய்யும் போலியூரித்தேனை உள்ளே ஊற்றி, அங்கேயே இறுக வைப்பது. நன்றாக வந்தால் இதைவிட உறுதியானது கிடையாது. கல் விழுந்தாலும் தாங்கும். கடலடிக் குழாய்களில் பைப்போடு பைப் சேரும் இடத்தை இப்படித்தான் அச்சு கட்டி போலியூரித்தேனோ பாலிபுரோப்பிலீனோ செலுத்தி மூடுகிறார்கள். ஆனால் நம் தட்பவெப்பத்தில் இதற்கு ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தத் திரவத்தில் ஒரு பங்கு ஐசோசயனேட். அது தண்ணீரைக் கண்டால் கார்பன் டை ஆக்சைடு வாயுவை விடும். காற்றின் ஈரம், இரும்பின் மேல் ஈரம், டப்பாவைத் திறந்து வைத்ததால் ஏறிய ஈரம், எதுவானாலும் சரி. உள்ளே நுரை கட்டி, இறுகியபின் பஞ்சு மாதிரி ஓட்டைகளோடு நிற்கும், வெளியே மட்டும் வழவழவென்று அழகாக இருக்கும். ஊற்றும்போது அடியிலிருந்து நிரப்பி, மேலே காற்றுப் போக வழி வைக்க வேண்டும். ஐசோசயனேட் ஆவி சுவாசத்துக்கு ஆகாது, ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனால் பிறகு கொஞ்சம் பட்டாலே ஆஸ்துமா மாதிரி இழுக்கும். முகமூடி இல்லாமல் அந்நியத் தொழிலாளிகளைக் குழிக்குள் இறக்கி இதைச் செய்யும் ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் தோட்டத்தில் அதை அனுமதிக்காதீர்கள். போலியூரித்தேன் இறுகியபின் போல்ட்டைத் திறக்க வேண்டுமென்றால் உளிகொண்டு செதுக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். அதனால் தொடவே போகாத பிளாஞ்சுக்கு மட்டும்தான் இது சரி.

இரண்டாவது வழி, முன்கூட்டியே வார்த்த பிளாஸ்டிக் கூட்டை மாட்டி, உள்ளே பெட்ரோலிய மெழுகையோ மாஸ்டிக்கையோ நிரப்புவது. உங்கள் கான்ட்ராக்டரிடம் இருப்பது இந்தக் கூடாகத்தான் இருக்க வேண்டும். அவர் நிரப்பும் சரக்கை விலையிலிருந்து கழித்துவிட்டார். நிரப்பச் சொல்லுங்கள், சுரண்டச் சொல்லுங்கள், அப்போது அது நல்ல வேலை. பின்னால் திறந்து பார்க்கவும் முடியும்.

மூன்றாவது வழி கூடே இல்லாதது: பெட்ரோலேட்டம் டேப். டென்சோ டேப் என்றால் கிள்ளானில் எந்தப் பெரிய ஹார்டுவேர் கடை தவுக்கேக்கும் தெரியும். 1920-களில் ஜெர்மனியில் வந்த பழைய சரக்கு, இன்றைக்கும் இதை வெல்ல ஆள் குறைவு. துணி முழுக்க வாசலின் மாதிரி கொழகொழப்பு. இறுகுவதே கிடையாது என்பதால் விரிசல் விடுவதும் கிடையாது. ஓயர் பிரஷ்ஷால் உதிரும் துருவை எல்லாம் எடுத்துவிட்டால் போதும், இரும்பு லேசாக ஈரமாக இருந்தாலும் டேப்புக்கு அடியில் பூசும் பேஸ்ட் தண்ணீரைத் தள்ளிவிட்டு ஒட்டிக்கொள்ளும். முதலில் பேஸ்ட்டைத் தேய்க்க வேண்டும், நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவேயும் தட்டுச் சந்திலும் மாஸ்டிக்கை உருட்டித் திணிக்க வேண்டும். கூர்மையான மூலை எதுவும் கைக்குத் தட்டுப்படாமல், கொழுக்கட்டை மாதிரி உருண்டையாக வரும்வரை திணியுங்கள். பிறகுதான் டேப், ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றில் பாதிக்கு மேல் ஏறும்படி. கடைசியில் மேலே ஒரு பிவிசி டேப் சுற்று. கையெல்லாம் பிசுபிசுப்பு ஆகும், பார்க்கவும் அழகாக இருக்காது. உங்கள் மண்ணுக்கும் உங்கள் ஆட்களுக்கும் நான் சிபாரிசு செய்வது இதைத்தான்.

இதற்கு இரண்டு எல்லை உண்டு. களிமண் வெயிலில் சுருங்கி மழையில் ஊதும்போது இந்த மெத்தென்ற டேப்பைப் பிடித்து இழுக்கும். அதனால் சுற்றிலும் மணல் போட்டுத்தான் மூட வேண்டும். இன்னொன்று சூடு. உங்களுடையது தண்ணீர் லைன், பிரச்சினை இல்லை. ஆனால் இதே வேலையைப் பார்த்துவிட்டு மில்லில் யாராவது எண்ணெய் லைனுக்கும் சுற்றச் சொல்வார்கள். கச்சா செம்பனை எண்ணெயை உறையாமல் இருக்க 50 டிகிரிக்கு மேல் சூடாக அனுப்புகிறார்கள். சாதாரண டேப் அந்தச் சூட்டில் இளகி வழிந்துவிடும். அதற்கென்று தனி ரகம் இருக்கிறது. நீராவிக் குழாய்க்கு எதுவும் கிடையாது, அது வேறு சங்கதி.

எல்போவுக்கும் டீக்கும் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிலீவைப் போட்டால் உள்வளைவில் மடிப்பு விழும், மடிப்புக்குள் காற்று நிற்கும். பெட்ரோலேட்டம் டேப்போ, பாலிஐசோபியூட்டீன் என்னும் இறுகாத பிசின் பட்டையோ போடுங்கள். பின்னது நெதர்லாந்தில் உருவான சரக்கு. கீறினால் தானே கூடிக்கொள்ளும், மேலே பிவிசி டேப் கட்டாயம். விலை கூடுதல்தான், ஆனால் உங்களிடம் எல்போ எத்தனைதான் இருக்கப்போகிறது.

குழியை மண் போட்டு மூடுவதற்கு முன் தீப்பொறிச் சோதனை செய்யுங்கள். பல்லாயிரம் வோல்ட் கொடுக்கும் ஒரு கருவியின் ஸ்பிரிங் வளையத்தைப் பூச்சின் மேல் உருட்டிக்கொண்டு போனால், ஊசி ஓட்டை இருக்கும் இடத்தில் ‘டிக்’ என்று பொறி பாயும். 2 மி.மீ. தடிமன் சிலீவுக்கு 10,000 வோல்ட்டுக்கு மேல் வைக்க வேண்டும். கருவியை வாடகைக்குத் தருகிறவர்கள் உண்டு. பெட்ரோலேட்டம் டேப்புக்கு இது அவ்வளவு தோதுப்படாது. அதைச் சுற்றும்போதே பக்கத்தில் நிற்க வேண்டும். இந்தச் சோதனை ஓட்டையைத்தான் காட்டும், ஒட்டாமையைக் காட்டாது. ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க, முதல் நாள் போட்டதில் ஒரு சிலீவை மறுநாள் கத்தியால் 2.5 செ.மீ. அகலப் பட்டையாகக் கீறி உரித்துப் பார்க்க வேண்டும். பசை இரண்டாகப் பிளந்து பாதி இரும்பிலும் பாதி சிலீவிலும் இருந்தால் சரி. இரும்பு சுத்தமாக வெளியே வந்தால் சூடு போதவில்லை, அல்லது ஈரத்தின் மேல் போட்டிருக்கிறார்கள். ஒரு சிலீவ் வீணாகிறதே என்று கான்ட்ராக்டர் முனகுவார், முனகட்டும்.

உறையோடு மக்னீசிய ஆனோடு பைகளையும் (இரும்புக்குப் பதிலாகத் தான் கரைந்து மின்காப்பு தரும் உலோகக் கட்டி) லைனோடு இணைத்துப் புதைத்தால் நல்லது. விட்டுப்போன ஓட்டைகளுக்கு அது காவல். தாமிர சல்பேட் மின்வாயை வைத்து அளந்தால் இரும்பு மைனஸ் 850 மில்லிவோல்ட்டோ அதைவிட அதிக மைனஸோ காட்ட வேண்டும். நான் சொன்ன பாக்டீரியா இருந்தால் மைனஸ் 950. மில்லுக்குள் நுழையும் பிளாஞ்சில் மின்சாரம் கடக்காத கேஸ்கெட்டும் போல்ட்டுக்கு உறையும் போடாவிட்டால், உங்கள் ஆனோடு மில்லின் எர்த் கம்பிகளையெல்லாம் காப்பாற்றக் கிளம்பிவிடும், சீக்கிரம் தீர்ந்தும் போகும்.

2025 ஏப்ரல் 1-ல் புத்ரா ஹைட்சில் எரிவாயுக் குழாய் வெடித்ததிலிருந்து, பைப் என்றாலே தோட்ட நிர்வாகங்களுக்கும் ஒரு பயம் வந்திருக்கிறது. அங்கே விசாரணை சுட்டிக்காட்டியது குழாய்க்கு அடியில் மண்ணின் தாங்குபலம் போனதை. எந்த உறையும் அதற்கு மருந்தில்லை. உங்கள் லைன் கானைக் கடக்கும் இடங்களில் மண் சரிந்து பைப் தொங்கிக்கொண்டிருந்தால், சிலீவ் வாங்கும் முன் அதற்கு முட்டுக் கொடுங்கள்.

ஜாயின்ட்டைத் திறந்து பார்க்கும்போது பள்ளம் சுவரின் பாதி ஆழத்துக்குப் போயிருந்தால் உறை போட்டுப் பயனில்லை, அந்தத் துண்டை வெட்டி எடுக்க வேண்டியதுதான். 6 அங்குல ஸ்கெட்யூல் 40 பைப் என்றால் சுவர் 7 மி.மீ. சொச்சம். நிறைய ஜாயின்ட் அப்படி இருந்தால் எச்.டி.பி.இ. (கெட்டியான பாலிஎத்திலீன்) பைப்புக்கு மாறுவதைப் பற்றி மேனேஜரிடம் பேசுங்கள். அமில மண் அதை ஒன்றும் செய்யாது. நம் வெப்பத்துக்கு அழுத்தத் தரத்தைக் கொஞ்சம் குறைத்துக் கணக்கிட வேண்டும். 20 டிகிரிக்குச் சொன்ன அழுத்தம் 30 டிகிரியில் சுமார் 87 சதவீதம்தான். அதிலும் வால்வு வரும் இடத்தில் இரும்புப் பிளாஞ்சும் போல்ட்டும் இருக்கும், அங்கே மறுபடி மேலே சொன்ன மாஸ்டிக் வேலைதான்.

கான்ட்ராக்டரின் கொட்டேஷனில் நான்கு விஷயத்தை எழுத்தில் கேளுங்கள்: எந்தத் தரத்துக்குச் சுத்தம் செய்வார், வெற்றிடத்தை எதைக் கொண்டு நிரப்புவார், எத்தனை சிலீவை உரித்துக் காட்டுவார், குழியை எதைப் போட்டு மூடுவார். பூட்டினால் போதும் என்று சொன்னவர் இதில் எதற்குத் தடுமாறுகிறார் என்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

கடைசியாக, பம்ப் வீட்டில் வெளியே தெரியும் வால்வுகள். அவற்றைச் சுற்றி மூடாதீர்கள். தினமும் திறந்து மூடுகிற சாமான், கண்ணுக்குத் தெரிந்தபடி இருப்பதுதான் நல்லது. சுரண்டி எப்பாக்சி பெயின்ட் அடித்து, போல்ட்டுகளுக்கு மட்டும் கிரீஸ் நிரப்பிய பிளாஸ்டிக் தொப்பி மாட்டிவிடுங்கள். கறுப்புத் தொப்பியாகப் பார்த்து வாங்குங்கள்; கார்பன் கலந்தது வெயிலைத் தாங்கும், மற்ற நிறங்கள் சீக்கிரம் நொறுங்கிவிடும்.